கடன் ஏட்டைத் திறந்து வையுங்கள்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அரசியல் மேடையிலே நின்று அடுப்படிக் கணக்கைப் பேச வந்திருக்கின்றோம். இவருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நீதிமன்றப் படிகளில் இருபது வருடங்களாக ஏறி இறங்கி வருகின்றோம். எம்மிடம் வரும் வழக்குக் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தால், மேலே காணி வழக்கு என்று எழுதியிருக்கும். உள்ளே கடன் இருக்கும். சகோதரர் இருவர் பங்கு பிரிக்க வந்திருப்பர்; அதற்குள்ளும் கடன் இருக்கும். மணமுறிவு வழக்கிலே கணவன் மீது மனைவி சொல்லும் முதற் குற்றச்சாட்டு, தனக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தான் என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆதலின், கடன் என்பது அவரவர் வீட்டு விஷயம் என்று ஒதுக்கிவிட எம்மால் இயலவில்லை. நிலத்தைப் பற்றி மேடைதோறும் முழங்குகின்றோம். அதே நிலம் கடன் பத்திரத்தின் வழியாகச் சத்தமின்றிக் கைமாறுவதைக் காணாதவர் போலிருப்போமாயின் அம்முழக்கத்தினால் யாருக்கு என்ன பயன்?

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்வோம். நீங்கள் பட்டதை உங்களுக்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே உத்தரவிலே தடைசெய்யப்பட்டது. அத்தடை நவம்பரில் நீக்கப்பட்டபோது கமக்காரன் காலபோகத்துக்கான செலவை ஏற்கனவே கடன் வாங்கிச் செய்துவிட்டான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு வீழ்ந்தது. ஏப்ரில் 8 ஆந் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி, 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கள் 2022 செப்டெம்பரில் ஏறக்குறைய 170 ரூபாவாயின. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் ஒரு முறையும், 2023 பெப்ரவரியில் இன்னொரு முறையும் ஏறியது. 2023 சனவரியில் மாதச் சம்பளம் ஒரு இலட்சத்தைத் தாண்டிய உத்தியோகத்தர் மீது புதிய வருமான வரி விழுந்தது. அந்த எல்லையை ஒன்றரை இலட்சமாக உயர்த்த 2025 ஏப்ரில் வரை செல்லவேண்டியிருந்தது.

2023 நடுப்பகுதிக்குப் பின்னர் பணவீக்கம் தணிந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. தணிந்தது விலையேற்றத்தின் வேகமேயாகும். ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 170 ரூபாவான பொருள் அவ்வுயரத்திலேயே உட்கார்ந்துகொண்டது. சம்பளமும் வெங்காயத்தின் விலையும் அதனைத் துரத்திப் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்குகின்றன. நடுவிலே விழுந்த பள்ளத்தை வீடுகள் எதனைக் கொண்டு நிரப்பின? கடனைக் கொண்டுதான்.

இவ்விடத்தில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரில் 12 ஆந் திகதி இந்நாட்டு அரசாங்கம், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று உலகறிய அறிவித்தது. பின்னர் கணக்கு ஏடுகளை விரித்து வைத்தது. சட்ட ஆலோசகரையும் நிதி ஆலோசகரையும் அமர்த்தியது. கடன் கொடுத்தோரை மேசைக்கு அழைத்துத் தவணையை நீட்டுங்கள், வட்டியைக் குறையுங்கள் என்று பேசியது. 2023 மார்ச் 20 இல் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவித் திட்டத்துக்கு இணங்கியது. 2024 டிசெம்பரில் தனியார் பிணைமுறிக்காரரோடும் உடன்பாடு நிறைவேறிற்று. அந்த உடன்பாடுகளின் நன்மை தீமை வேறொரு கூட்டத்துக்குரிய பொருள். நாம் கேட்பது இதுவே: கடனை வாங்கிக் குவித்த அரசாங்கம் வெட்கப்படாமல் மேசைக்குப் போனதல்லவா? அதே அரசாங்கத்தின் பிழையால் கடனாளியான ஆசிரியையும் தோட்டக்காரனும் மாத்திரம் ஏன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கின்றார்கள்?

ஒளிப்பது எவ்வளவு பொல்லாதது என்பதை எமது வீட்டிலேயே கண்டோம். எமது தந்தையார் ஓர் எழுதுவினைஞர். யாருக்கும் ஒரு சதம் கடன் வைக்காத மனிதர் என்று ஊரில் பேரெடுத்தவர். அவருடைய அந்தியேட்டி முடிந்த பின்னர், பழைய பஞ்சாங்கத்தின் உறைக்குள் மூன்று அடகுச் சீட்டுகள் கிடைத்தன. அம்மாவின் பதக்கஞ் சங்கிலி அதிலே இருந்தது. அது தங்கை வீட்டில் பத்திரமாக இருக்கிறதென்று அம்மா நம்பியிருந்தார். சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம். அது ஏலத்திற் போய் ஐந்து மாதமாயிற்று. அறிவித்தற் கடிதங்களெல்லாம் தந்தையார் வேலை செய்த கந்தோர் முகவரிக்கே வந்திருந்தன. சங்கிலி போனதைக் காட்டிலும், நாற்பது வருடம் கூட வாழ்ந்த தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அம்மாவுக்குத் தீராத துயரமாயிருந்தது. சொல்லியிருந்தால் கையில் கிடந்த காப்பைக் கழற்றிக் கொடுத்துச் சங்கிலியை மீட்டிருப்பார்.

ஆகவே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும், ஒருங்கே அமருங்கள். யாரிடம் பட்ட கடன், இன்று நிற்கும் தொகை என்ன, வட்டி எவ்வளவு, அதற்காக எதனைக் கொடுத்திருக்கின்றோம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சங்கக் கடை, சீட்டுக் காசு, மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று, ஒன்றையும் விடவேண்டாம். எழுதி முடித்தபின் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வட்டி எங்கே மிகக் கூடுதல்? தவறினால் எந்தக் கடன் வீட்டையோ காணியையோ தொழிற் கருவியையோ கொண்டுபோகும்? இவ்விரண்டுக்கும் விடையாக வரும் கடன்களுக்கே முதற் காசு போகவேண்டும். எம்மவர் வழக்கமோ வேறு. வாசலில் வந்து சத்தம் போடுபவனுக்கு முதலிற் கொடுப்பார்கள்; சத்தமின்றிக் காணியை விழுங்கிக்கொண்டிருப்பவனைக் கடைசிக்கு விடுவார்கள்.

வட்டியைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஒரு இலட்சம் ரூபா கடன், வருட வட்டி நூற்றுக்கு 24, பன்னிரண்டு மாதத் தவணை என்று ஒரு கம்பனி சொல்கின்றது. மொத்தம் 124,000 ரூபா. மாதம் 10,333 ரூபா. வட்டி 24 தானே என்று கையொப்பமிடுகின்றீர்கள். ஆனால் அந்த ஒரு இலட்சம் வருடம் முழுவதும் உங்கள் கையில் இருக்கின்றதா? முதல் மாதத்திலேயே முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஆறாம் மாதத்தில் ஏறக்குறையப் பாதிதான் உங்களிடம் நிற்கும். வட்டியோ கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகின்றது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி என்று ஒழுங்காகக் கணக்கிட்டால் அது வருடத்துக்கு நூற்றுக்கு 40 ஐயும் தாண்டிவிடும். உழவு இயந்திரத்தை லீசிங்கில் எடுக்கப் போகும் தம்பிமாரே, எத்தனை வீதம் என்று மட்டும் கேட்டு வராதீர்கள். எதற்கு வீதம் என்று கேளுங்கள்.

2009 இல் போர் முடிந்து ஏ-9 வீதி திறந்ததும், வங்கிகளுக்குப் பின்னாலேயே இத்தகைய கம்பனிகளும் வந்திறங்கின. உழைப்பாளியை இழந்த பெண்களின் வாசலுக்குத் தேடிச் சென்று, குழுக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றொருத்தியைப் பிணையாக்கி, வாரந்தோறும் அறவிட்டன. தவறியவளின் வாசலில் அயலவளையே கொண்டுபோய் நிறுத்தும் தந்திரம் அது. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம், வைப்புப் பணம் பெறும் கம்பனிகளுக்கே உரிமம் விதித்தது. கடன் மட்டும் கொடுத்த பலர் அதன் பிடிக்குள் அகப்படவில்லை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் வரையான கடன்களிற் சிலவற்றை அரசாங்கம் தள்ளுபடி செய்ய முன்வந்ததும், 2021 இல் ஹிங்குராக்கொடையிலே சிங்களச் சகோதரிகள் இதே கொடுமைக்கெதிராகச் சத்தியாக்கிரகம் இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வட்டிக்கு மொழி கிடையாது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகின்றோம்.

வலிகாமத்துச் செம்மண்ணிலே எட்டுப் பரப்புத் தோட்டக்காணி வைத்திருந்த ஒருவர் எம்மிடம் வந்தார். பெயர் வேண்டாம். மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப முகவருக்குப் பதினைந்து இலட்சம் கட்டவேண்டியிருந்தது. கடன் கொடுத்தவர் ஈடு வேண்டாம், அறுதி உறுதியாகவே எழுதித் தாருங்கள், இரண்டு வருடத்திற் காசைத் தந்ததும் காணியைத் திருப்பி எழுதித் தருவேன் என்றார். ஊரில் மரியாதையான மனிதர். கோயிற் சபையிலும் இருப்பவர். நொத்தாரிசு முன்னிலையிலே கையொப்பம் வைத்தாயிற்று. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி, 45,000 ரூபா, தவறாமற் போயிற்று. துண்டு எதுவும் வாங்கவில்லை. மகன் பாதி வழியிற் பிடிபட்டுத் திரும்பி வந்தான். காணி விலை ஏறிய வேளையிலே கடன் கொடுத்தவர் அதனை மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் வேலி அடைக்க வந்தபோதுதான் எமது கட்சிக்காரர் ஒரு பொலித்தீன் பையிலே உறுதிகளைத் திணித்துக்கொண்டு ஓடி வந்தார்.

சட்டம் என்ன சொல்கின்றது? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. திருப்பித் தருவேன் என்ற வாய்ச்சொல் காற்றோடு போயிற்று. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்திலே 83 ஆம் பிரிவு என்று ஒரு சிறு கதவு உண்டு. காணியின் பயனைக் கைவிடும் எண்ணத்தோடு எழுதிக் கொடுக்கவில்லை என்பது சூழ்நிலையிலிருந்து தெரியவருமானால், வாங்கியவர் உரியவருக்காகவே அதனை வைத்திருப்பவராகக் கொள்ளப்படுவார். ஆனால் சூழ்நிலையை நிரூபிக்க வேண்டுமல்லவா? உறுதி எழுதிய பின்னரும் தோட்டஞ் செய்தவர் யார், எழுதிய விலை சந்தை விலைக்கு எவ்வளவு குறைவு, வட்டி கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி என்று நீதிபதி கேட்பார். விஷயம் அறியாது விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளுக்கும் அதே சட்டம் பாதுகாப்பு அளிக்கின்றது. மூன்று வருடம் வழக்காடி, இறுதியில் இணக்கத்துக்கு வந்தோம். வீடும் இரண்டு பரப்பும் மிஞ்சின. ஆறு பரப்புப் போயிற்று. வென்றோம் என்று அவர் எமக்கு வாழைக்குலை கொண்டுவந்து தந்தார். அதனை வாங்கக் கை கூசியது.

காணியைக் காட்டிக் கடன் வாங்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. வாங்கும் முறை உண்டு. ஈட்டுறுதி எழுதினால் காணியின் உரித்து உங்களிடமே நிற்கும். தனியார் கடன்காரர் நீதிமன்றத் தீர்ப்புப் பெற்றே காணியில் கைவைக்கலாம். ஒற்றி கொடுத்தால், எமது தேசவழமையின்படி, வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அவர் அனுபவிப்பார். முதலைக் கொடுத்து நீங்கள் மீட்டுக்கொள்ளலாம். எமது பாட்டனார்கள் அறுதி எழுதாமல் ஒற்றி எழுதியதன் சூட்சுமம் அதுவே. மீட்கும் நிபந்தனையோடு எழுதித்தான் ஆகவேண்டுமென்றால், அந்நிபந்தனையும் காலக்கெடுவும் அதே உறுதியிலே எழுதப்பட்டிருக்க வேண்டும். வங்கிக்கு ஈடு வைப்போர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நன்று: 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்கியிருக்கின்றது. சிறு தொகைகளுக்கு விலக்கு உண்டாயினும், வியாபாரத்துக்கென்று பெருந்தொகை எடுத்தவர் வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பது தீயைப் பொட்டலங் கட்டி வைப்பதற்குச் சமம்.

மனைவியின் சீதனக் காணியையும் சொல்லவேண்டும். தேசவழமைக்குட்பட்ட பெண் தன் சொந்தக் காணியையே கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாதென்று 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. அவ்விதி நியாயமற்றதென்பதே எமது கருத்து. அஃதொருபுறமிருக்க, நடப்பு என்ன? கணவனின் கடனுக்கு மனைவியின் காணி ஈடாகின்றது. இதிலே வையும் என்று காட்டிய இடத்தில் அவர் கையொப்பம் வைக்கின்றார். தாய்மார்களே, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓர் உறுதியை வாசித்துக் காட்ட அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது.

உத்தியோகத்தருக்கு இரண்டு வார்த்தை. பிணை நிற்பது நட்பின் அடையாளம் என்று எண்ணி, நாமும் இளவயதில் ஒரு சிநேகிதருக்காகக் கையொப்பமிட்டோம். முதலிற் கடனாளியிடம் அறவிட்டு, மீதியைத்தான் பிணைகாரனிடம் கேட்கவேண்டும் என்ற உரிமை எமக்குண்டென்று சட்டம் படித்த எமக்குத் தெரிந்தேயிருந்தது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக, அச்சடித்த படிவத்தின் பின்பக்கத்திலே ஒரு வரி இருந்தது. அதனை வாசிக்கவில்லை! சட்டத்தரணியே வாசிக்கவில்லை. மூன்று வருடம் கட்டினோம். அடுத்தது, வெற்றுக் காசோலை. வட்டிக்குக் கொடுப்போர் ஆசிரியரிடமும் தாதியரிடமும் திகதியிடாத காசோலையை வாங்கி வைப்பார்கள். கணக்கிற் பணமில்லையென்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றமாகலாம். அதனைக் காட்டிப் பொலிசுக்குப் போவேன் என்று மிரட்டுவதற்கே அந்தத் துண்டு. வாக்குறுதிச் சீட்டு எழுதினால், உண்மையிற் கைக்கு வந்த தொகை, முன்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் ஆகிய மூன்றும் அதிலே தெளிவாக இருக்கவேண்டுமென்று 1918 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் செய்திருக்கின்றார்கள். நூறு வருடத்துக்கு மேலாயிற்று. இன்னும் வெற்றுத்தாளிற் கையொப்பம் வைக்கின்றோம்.

நகையைப் பற்றிச் சொன்னால் தாய்மார்கள் கோபிப்பீர்கள். ஐந்து இலட்சத்துக்கு நகை அடகு, வட்டி நூற்றுக்கு 18 என்று வைத்துக்கொள்வோம். வருட வட்டி 90,000 ரூபா. வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்தால் நான்கு வருடத்தில் 360,000 ரூபா போய்விடும். நகை வீட்டுக்கு வந்திராது. அதில் இரண்டொரு பவுணை விற்று மற்றவற்றை மீட்டெடுப்பது நட்டமன்று. விற்றால் ஊர் சிரிக்கும் என்கின்றீர்கள். ஏலத்திற் போனால் ஊர் அழுமோ?

கடன் எடுத்துச் சாமத்தியச் சடங்குக்கு மண்டபமும் வீடியோவும் பிடிப்போருக்கும், திருவிழா உபயத்தை அயலவரோடு போட்டிக்குச் செய்வோருக்கும் நாம் புத்தி சொல்லப் போவதில்லை. சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசை மாத வருமானமாக எண்ணித் தவணைக் கடன் எடுப்போரிடம் மட்டும் ஒன்று கேட்போம்: அங்கே அப்பிள்ளைக்கும் வீட்டுக் கடன் உண்டு என்பதை அறிவீர்களா?

எடுத்த கடனைக் கட்ட முடியாதென்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்னரே வங்கிக்குப் போங்கள். போய்ப் பேசுவதோடு நில்லாமல் எழுத்திற் கொடுங்கள்: வருமானம் இவ்வளவு, செலவு இவ்வளவு, மாதம் இவ்வளவுதான் இயலும், தவணையை நீட்டித் தாருங்கள். கடிதத்தின் பிரதியில் கிடைத்தது என்று கையொப்பம் வாங்குங்கள். கிளை முகாமையாளர் செவி சாய்க்காவிட்டால் தலைமையகத்துக்கு எழுதுங்கள். அதற்கப்பால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்று ஒரு திணைக்களம் இருக்கின்றது. இவையெல்லாம் பிச்சை கேட்பதன்று. நாடே செய்த காரியத்தைத்தான் நீங்களும் செய்கின்றீர்கள்.

இவ்வளவும் தனி வீட்டுக்கு. ஊருக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1911 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த பின்னர், வட்டிக்காரனின் பிடியிலிருந்து விடுபட எமது கமக்காரர் சதம் சதமாகச் சேர்த்து ஐக்கிய நாணய சங்கங்களைக் கட்டினார்கள். மூளாயிலே வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்திக் காட்டினார்கள். கூட்டுறவுப் பெரியார் வீரசிங்கம் அவர்களின் பெயரைத் தாங்கிய மண்டபம் யாழ் நகரில் நிற்கின்றது. நாம் அதிலே கூட்டம் போட்டு வசை பாடிவிட்டு வருகின்றோம். சங்கங்கள் ஏன் மெலிந்தன? போர் ஒரு காரணம். ஆனால் போரை மட்டும் சொல்வது பொய்யாகும். உறவினருக்குக் கடன், கட்சிக்காரருக்குப் பதவி, கணக்குப் பரிசோதனைக்குச் சாக்குப்போக்கு, இவற்றால் அங்கத்தவரின் நம்பிக்கை போயிற்று. இதிலே எமது கட்சிக்காரரையும் சேர்த்தே சொல்கின்றோம். இங்கே முன்வரிசையில் இருப்பவர் சிலருக்கு இது கசக்கும்.

இவ்வூர்ச் சிக்கனக் கடனுதவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் போகின்றீர்கள்? அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் போங்கள். கணக்கறிக்கையை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். வங்கியில் வேலை செய்யும் இரண்டு பேரையும், கணிதம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையையும், பேசத் தெரிந்த ஒரு கமக்காரரையும் நிர்வாகத்துக்குத் தெரியுங்கள். கட்சி பார்க்க வேண்டாம். அறுதி எழுதப்போகும் காணியொன்று ஊரில் இருக்கின்றதென்று தெரியவந்தால், அவருக்குச் சங்கம் கடன் கொடுத்து அதனை ஈடாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒரு வருடத்தில் மூன்று காணி தப்பினாற் போதும்.

நேரமாகின்றது, கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் எழுந்திருக்கின்றார்கள். கூட்டம் முடிந்ததும் இந்த மேசையருகே இருப்போம். எம்மோடு வந்திருக்கும் இளம் சட்டத்தரணிகள் இருவரும் இருப்பார்கள், கட்டணம் இல்லை. இன்னும் கையொப்பமிடாத பத்திரம் வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். கையொப்பமிட்டு விட்டவர்கள் அவர்களுக்குப் பின்னால். வீட்டில் விட்டு வந்தவர்கள், வருகின்ற சனிக்கிழமை காலையில் உறுதியையும் வட்டி கட்டிய துண்டுகளையும் எடுத்துக்கொண்டு இதே வாசிகசாலைக்கு வாருங்கள். கணவன்மார் மனைவியரையும் அழைத்து வரவேண்டும்.